ஆறு மாத வடிகட்டியை எடுத்துவிடுங்கள்: ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளெடுக்கும் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும், விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கும் மென்பொருளுக்கு விதிகளை வகுத்துக் கொடுப்பவர்களுக்கும்,

சென்ற மாதம் ஓர் இரவு பத்தே முக்கால் மணிக்கு, நான் முன்பு பதினொரு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனத்துக்கே, நான் விட்டுவந்த அதே கணக்குத் தணிக்கைப் பிரிவில் காலியாக இருந்த ஒரு பணியிடத்துக்கு இணையவழியில் விண்ணப்பித்தேன். பத்து ஐம்பதுக்கு மறுப்பு மின்னஞ்சல் வந்துவிட்டது. அலுவலகம் பூட்டிய பிறகு, ஐந்தே நிமிடங்களில், எந்த மனிதரும் என் விண்ணப்பத்தைப் படித்திருக்க முடியாது. மறுநாள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, ஆளெடுப்புப் பிரிவில் இருந்த இளைஞர் ஒருவர் மிகவும் பணிவாகவே விளக்கினார்: “ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சிஸ்டமே ஒதுக்கிவிடும், மேடம். எங்கள் கைக்கே வராது.” அந்தப் பிள்ளையின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவர் சொன்ன விதியை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், வேறு யாரோ ஒருவர் அதற்கு ஒப்புதல் கையெழுத்து இட்டிருக்கிறார். இந்த மடலை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட பழக்கம் அல்ல என்பதால்தான் பெயரைச் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. அந்த நிறுவனங்களில் ஏறக்குறையப் பாதி, வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களின் விண்ணப்பங்களைத் தொடக்கத்திலேயே கழித்துவிடுகின்றன என்று அது கண்டது. தகுதியுள்ளவர்களையும் தங்கள் மென்பொருள் சேர்த்தே தள்ளிவிடுகிறது என்பதை அந்த நிறுவனங்களின் பொறுப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதே ஆய்வில் ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். ஆக, உங்களுக்குத் தெரியாமல் நடக்கும் பிழை இல்லை இது. தெரிந்தே விட்டுவைத்திருக்கிறீர்கள். இடைவெளி எவ்வளவு என்று மட்டும் கணக்கிடும் அந்த வடிகட்டி, ஏன் வந்தது என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

என்னுடைய இடைவெளி ஆறரை ஆண்டுகள். ஏன் வந்தது என்பதை நானே சொல்கிறேன்.

ஒரு காலாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருந்த வாரத்தில் என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது, பேச்சு போயிற்று, விழுங்குவதும் சிரமமாகி, மூக்கு வழியே குழாய் வைத்து உணவு கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இருந்த விடுப்பை எல்லாம் எடுத்தேன். அது தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். அதுவும் தீர்ந்தபோது, ஓராண்டுக்கு மட்டும் பாதி நேரப் பணி தரும்படி எழுத்து மூலம் கேட்டேன். பொறுப்புள்ள பதவியைப் பாதி நேரத்தில் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. அடுத்த வாரம் நான் விலகல் கடிதம் கொடுத்தேன். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இடைவெளி என்பது விண்ணப்பதாரர் தாமாக விரும்பித் தேர்ந்துகொண்ட ஓய்வு என்ற எண்ணத்தில்தான் உங்கள் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. என்னுடையது அப்படி வரவில்லை. பாதி நேரம் கேட்டவளுக்கு முழு நேரம் அல்லது ஒன்றுமில்லை என்று சொன்ன ஒரு நாளில் அது தொடங்கியது. அந்தப் பதிலைச் சொன்ன அலுவலகமே இன்று அந்த இடைவெளியைக் காட்டி என்னை வெளியே நிறுத்துகிறது.

அம்மாவின் தலைமாட்டில் எப்போதும் ஒரு நீள நோட்டு இருக்கும். முதல் பத்தியில் நேரம். அடுத்ததில் மருந்தும் அளவும். அதற்கடுத்து இரத்த அழுத்தம், சர்க்கரை, குழாய் வழியே உள்ளே போன திரவம், பையில் சேர்ந்த சிறுநீர். கடைசிப் பத்தியில் ‘இ’, ‘வ’, ‘ம’ என்று ஒற்றை எழுத்துகள். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாந்து என்று எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தோம் என்பதற்கான குறிப்பு அது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பாவிட்டால் எலும்பு அழுந்தும் இடத்தில் தோல் வெந்து படுக்கைப்புண் வந்துவிடும். ஆகவே இரவு பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று ஒவ்வொரு வரியும் என் கையெழுத்தில் இருக்கிறது. ஒரே ஒரு முறை இடுப்பெலும்பின் அருகே ஒரு நாணயம் அளவுக்குத் தோல் சிவந்தது. ஒன்பது நாட்களில் ஆறிவிட்டது. அந்த ஒன்பது நாட்களுக்கும் புண்ணின் அளவை நூலால் அளந்து எழுதிய கணக்கு நோட்டில் இருக்கிறது.

மூன்றாவது ஆண்டில் ஒரு வாரம், உள்ளே போன அளவுக்கும் வெளியே வந்த அளவுக்கும் கணக்கு இடித்தது. காய்ச்சல் இல்லை, அம்மாவால் வலி என்று சொல்லவும் முடியாது. மூன்று நாட்களின் பக்கங்களை மருத்துவரிடம் விரித்துக் காட்டினேன். பரிசோதித்ததில் சிறுநீர்த் தொற்று தொடக்கத்திலேயே பிடிபட்டது. ‘இதை யார் எழுதுகிறார்கள்?’ என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆண்டுகளில் என் வேலையை வேலை என்று கண்டுகொண்டு ஒருவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்வதும் கணக்குத் தணிக்கையும் ஒன்றே என்று வாதிட நான் இதை எழுதவில்லை. பராமரிப்பில் கிடைத்த அனுபவத்தை அலங்காரச் சொற்களால் மூடி, நிர்வாகத் திறன், நெருக்கடி மேலாண்மை என்று சுயவிவரத்தில் எழுதச் சொல்லிப் பலர் எனக்கு அறிவுரை தந்தார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. நான் சொல்வது அதைவிட எளியது. அந்த ஆறரை ஆண்டுகளும் என் கண்ணும் கையும் கணக்கை விட்டு அகலவில்லை. என் பொறுப்புணர்வு எங்கேயும் கழன்று விழவில்லை. வேலை செய்யும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. இடைவெளி என்ற சொல்லுக்குள் நீங்கள் ஊகித்துவைத்திருப்பது இம்மூன்றும் போய்விட்டன என்பதைத்தானே?

அம்மா காலமாகி நான்கு மாதங்கள் கழித்து வேலை தேடத் தொடங்கினேன். இதுவரை முப்பத்தொரு விண்ணப்பங்கள் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் ஒரு படிவம் என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. ‘தற்போதைய மாத ஊதியம்’ என்று ஒரு கட்டம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. பூஜ்யம் என்று இட்டேன். ‘சரியான தொகையை உள்ளிடவும்’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மறுபடியும் பூஜ்யம் இட்டேன். மறுபடியும் அதே சிவப்பு எழுத்து. எனக்கு அது ஒன்றுதான் சரியான தொகை. வாழ்க்கை முழுவதும் மற்றவர்கள் எழுதிய எண் உண்மையா என்று சரிபார்த்தவள் நான். பொய்யான ஓர் எண்ணை எழுதினால்தான் கதவு திறக்கும் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. எழுதாமலே வெளியேறினேன். எழுதியிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. அடுத்த பக்கத்தில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைப் பதிவேற்றச் சொல்வார்கள், அதற்கடுத்த பக்கத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் என் வேலையை மேற்பார்த்த இருவரின் பெயரைக் கேட்பார்கள் என்பது மற்றப் படிவங்களில் கண்டதுதான். கடந்த மூன்று ஆண்டுகளில் என் வேலையைப் பார்த்தவர்கள் ஒரு நரம்பியல் மருத்துவர், வாரம் இருமுறை வந்த இயன்முறை மருத்துவர், பிறகு என் அம்மா. இவர்களை எழுத உங்கள் படிவத்தில் இடமில்லை.

முப்பத்தொன்றில் இரண்டு மட்டும் நேர்காணல் வரை சென்றன. முதல் நேர்காணலில் மூவர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் சுயவிவரத்தின் அச்சுப்படியில் இரு தேதிகளுக்கு நடுவே விரலை வைத்தார். பேச்சு முடியும்வரை அந்த விரலை எடுக்கவில்லை. “இந்த ஆறரை வருஷமும் வீட்டில் சும்மாதான் இருந்தீர்களா?” என்று கேட்டார். அம்மாவைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். “அது சரி, வேறென்ன செய்தீர்கள்?” என்றார். அவர் என்னைப் புண்படுத்த நினைத்துக் கேட்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாக வலித்தது. மொத்தம் நாற்பது நிமிடங்கள். தணிக்கை பற்றி ஒரே ஒரு கேள்வியும் வரவில்லை. இனி வீட்டில் வேறு யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மறுபடியும் போய்விடுவீர்களா என்ற கேள்வி மட்டும் மூன்று விதமாக வந்தது.

பராமரிப்பாளர்கள் கூடும் குழு ஒன்றில் எனக்குப் பழக்கமான ஒருவர், தசைகள் தளர்ந்துபோகும் நோய் கண்ட மனைவியை நான்கு ஆண்டுகள் உடனிருந்து பார்த்துக்கொண்டவர். அவரிடம் நேர்காணலில் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்ததாம்: “உண்மையில் வேலை போய்விட்டதால்தானே வீட்டில் இருந்தீர்கள்?” ஓர் ஆண் தன் மனைவிக்காக வேலையை விடுவான் என்பதை அந்த அறையில் யாரும் நம்பத் தயாராக இல்லை. பெண்ணிடம் ‘மறுபடியும் போய்விடுவாயா’ என்றும், ஆணிடம் ‘பொய் சொல்கிறாயா’ என்றும் கேட்கும் அறைகளில் எங்கள் தகுதிக்கு எப்போது முறை வரும்?

இவை என் அனுபவமும் என் நண்பரின் அனுபவமும் மட்டும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். சமூகவியல் அறிஞர் கேட் வைஸ்ஹார் 2018இல் ‘அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். தகுதியில் ஒத்த கற்பனை விண்ணப்பங்களை அமெரிக்க நிறுவனங்களுக்கு அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்த்த ஆய்வு அது. வேலையில் இருக்கும் தாய்மாருக்கு 15.3 சதவீதம் அழைப்பு வந்தது. வேலையிழந்திருந்த தாய்மாருக்கு 9.7 சதவீதம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்ததாக எழுதிய தாய்மாருக்கு 4.9 சதவீதம். இரண்டாவது எண்ணையும் மூன்றாவது எண்ணையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரு தரப்பினரும் அதே காலம் வேலையில் இல்லாதவர்கள்தான். திறமை துருப்பிடித்துவிட்டது என்பதுதான் காரணம் என்றால் இருவருக்கும் ஒரே அளவு துருதான் பிடித்திருக்க வேண்டும். ஆனால், குடும்பத்துக்காக வெளியேறினேன் என்று உண்மையைச் சொன்னவருக்கு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கிடைத்ததில் பாதி வாய்ப்பே கிடைத்தது. அந்த ஆய்வு குழந்தை வளர்த்தவர்களைப் பற்றியது. முதியவரையும் நோயுற்றவரையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு நிலைமை இதைவிட நன்றாக இருக்கும் என்று நம்ப நான் ஒரு காரணமும் காணவில்லை.

இன்னோர் ஆய்வு நம்பிக்கை தருகிறது. பிரிட்டனில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைக் கொண்டு நடத்தி, 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வெளியானது அது. பழைய வேலைகளை ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று எழுதாமல், ‘இத்தனை ஆண்டுகள்’ என்று மட்டும் எழுதிய விண்ணப்பங்களுக்கு, இடைவெளி தெரியும்படி எழுதியவற்றைவிட ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதலாக அழைப்புகள் வந்தன. இடைவெளியே இல்லாத வழக்கமான விண்ணப்பங்களைவிடவும் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக வந்தன. ஆளும் அதே ஆள், அனுபவமும் அதே அனுபவம். எழுதும் முறையை மாற்றியதும் படிப்பவரின் கண் தேதிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை விட்டுவிட்டு வேலையின் மீது போயிற்று. படிவத்தில் இரண்டு கட்டங்களை மாற்ற உங்களுக்கு எவ்வளவு செலவாகும்?

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குத் திரும்ப விரும்பும் பராமரிப்பாளர்களுக்கு உதவி என்று இன்று கிடைப்பதில் பெரும்பகுதி எங்களைத் திருத்தும் உதவியாகவே இருக்கிறது. தன்னம்பிக்கை வகுப்பு, சுயவிவரம் எழுதும் வகுப்பு, நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும் என்ற வகுப்பு. நானும் மூன்றுக்குப் போனேன். சொல்லித்தந்தவர்கள் நல்லவர்கள், சிலருக்கு அவை பயன்படவும் செய்யும். ஆனால் எங்கள் வகுப்பிலிருந்த பதினான்கு பேரும் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும், ஐந்து நிமிடத்தில் கழித்துவிடும் ஒரு விதியின் முன்னால் அது எதற்கு உதவும்? பூட்டியிருக்கும் கதவின் முன்னால் நிற்பவரிடம் நன்றாக நடக்கக் கற்றுக்கொள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். கதவு உங்களுடையது, பூட்டும் உங்களுடையது, சாவியும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

துறைகள் மாறிவிட்டன என்ற உங்கள் கவலையை நான் ஒதுக்கவில்லை. நான் விலகும்போது பயன்படுத்திய கணக்கு மென்பொருளின் பதிப்பு இன்று வழக்கில் இல்லை. வரி விதிகள் திருத்தப்பட்டிருக்கின்றன. மாதிரிகளைத் தேர்ந்து சோதிக்கும் முறை போய், முழுத் தரவையும் ஓட்டிப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. இவற்றை மாலை வகுப்புகளில் கற்றேன். இரண்டரை மாதம் ஆயிற்று. இன்னும் வேகம் வர, வேலையின் மேசையில் உட்கார்ந்து ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும் என்று நேர்மையாகவே சொல்கிறேன். புதிதாகப் படித்துவிட்டு வருகிறவருக்கு நீங்கள் ஓராண்டு பொறுத்துக் கற்றுத்தருகிறீர்கள். வேறு துறையிலிருந்து வருகிறவருக்கு ஆறு மாதம் தருகிறீர்கள். பதினொரு ஆண்டுகள் அந்த வேலையையே செய்த எனக்கு எட்டு வாரம் அதிகம் என்று எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த வாசலில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் நினைவூட்டுகிறேன். உலகத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பராமரிப்புப் பொறுப்புகள் காரணமாக 2023இல் உழைப்புச் சந்தைக்கு வெளியே இருந்தவர்கள் 74.8 கோடிப் பேர். அவர்களில் 70.8 கோடிப் பேர் பெண்கள், 4 கோடிப் பேர் ஆண்கள். எங்களைப் பற்றி உலகம் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்கள் குறித்த 156ஆம் உடன்படிக்கையை அதே அமைப்பு 1981லேயே நிறைவேற்றியது. குடும்பப் பொறுப்பால் வேலையிலிருந்து விலகி நின்றவர்கள் மீண்டும் பணிக்குள் வருவதற்குத் தொழில் வழிகாட்டலும் பயிற்சியும் உள்ளிட்ட நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்று அதன் ஏழாவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு எழுதப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அதற்குப் பின் வந்த உங்கள் மென்பொருள், அது திறக்கச் சொன்ன வாசலையே அடைக்கிறது.

திரும்பி வருவோரில் எல்லோருக்கும் பராமரிப்பு முடிந்துவிட்டிருக்காது என்பதையும் மறந்துவிடாதீர்கள். எனக்கு முடிந்துவிட்டது, முடிந்த விதம் உங்களுக்குத் தெரியும். ஆனால் என்னுடன் அந்த வகுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் இன்னும் யாரையோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கருணை அல்ல. முன்கூட்டியே தெரியும் வேலை நேரம். அடுத்த வாரத்துக்கான பணி நேர அட்டவணையை ஞாயிறு இரவு அனுப்பும் இடத்தில், உதவிக்கு வரும் ஆளை எப்போது வரச் சொல்வது என்று ஒருவர் எப்படித் திட்டமிட முடியும்? மருத்துவமனைக்கு ஓட வேண்டிய ஒரு நாளுக்கு விடுப்புக் கேட்டால் வேலையே போய்விடும் என்ற பயமிருந்தால், நல்ல ஊழியரும் மூன்றாவது மாதத்தில் விலகிவிடுவார். பிறகு ‘பராமரிப்பாளர்கள் நிலைத்திருப்பதில்லை’ என்று நீங்களே எழுதிவைப்பீர்கள். ஜப்பானில் பராமரிப்பு தேவைப்படும் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மொத்தம் 93 நாட்கள் வரை, மூன்று பகுதிகளாகப் பிரித்தும் எடுத்துக்கொள்ளும்படி சட்டப்படி விடுப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறை, ஆண்டுக்கு ஐந்து வேலைநாள் பராமரிப்பு விடுப்பையும், நெகிழ்வான வேலை ஏற்பாட்டைக் கோரும் உரிமையையும் தருகிறது. ஜெர்மனியில், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஊதியமின்றிப் பராமரிப்பவருக்கு அங்குள்ள பராமரிப்புக் காப்பீடே ஓய்வூதியப் பங்களிப்பைச் செலுத்துகிறது. அங்கே வீட்டில் நடப்பதும் வேலை என்று கணக்கில் ஏறுகிறது. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். ஆனால் அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாகத் தருவதற்கு நீங்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பராமரிப்பு முடிந்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஓர் இழப்பில்தான் அது முடிகிறது. ஈமக் காரியம் முடிந்த மறுவாரமே செலவுகள் கதவைத் தட்டுகின்றன. சேமிப்பு மருத்துவத்தில் கரைந்திருக்கும். துக்கம் ஆறாத மனிதர் ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் ‘அதற்குப் பிறகாவது உடனே வேலை தேடியிருக்கலாமே’ என்று கேட்கிறீர்கள். இரண்டாவது நேர்காணலில் என்னிடம் கேட்டார்கள். அந்த நான்கு மாதங்களில், இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் கண் தானாக விழித்துக்கொள்ளும். எழுந்து போய்க் காலிக் கட்டிலின் அருகே நின்றுவிட்டு வருவேன். இதை ஒரு நேர்காணல் அறையில் எப்படிச் சொல்வது?

சில நிறுவனங்கள் திரும்பி வருவோருக்கென்று தனித் திட்டம் நடத்துவதை அறிவேன். கோல்ட்மேன் சாக்ஸ் 2008லேயே அப்படி ஒன்றைத் தொடங்கியது. பின்பு பல நிறுவனங்கள் அவ்வழியில் சென்றன. நல்ல யோசனைதான். ஆனால் அவ்வகைத் திட்டங்கள் ஆண்டுக்குச் சில இடங்களோடு நின்றுபோவதும், சில இடங்களில் ஊதியமில்லாப் பயிற்சியாகச் சுருங்குவதும், முடிவில் வேலை தருவார்களா என்று சொல்லாமலே ஆளை அனுப்பிவிடுவதும் ஏற்றுக்கொள்ளத் தக்கவை அல்ல. ஊதியமின்றி ஆறரை ஆண்டுகள் உழைத்தவரிடம் இன்னும் மூன்று மாதம் ஊதியமின்றி உழைத்துக் காட்டு என்று கேட்காதீர்கள்.

என் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடியும்.

உங்கள் தேர்வு மென்பொருளில் பணியிடைவெளியை அடிப்படையாகக் கொண்ட வடிகட்டி இருக்கிறதா என்பதை இந்த மாதமே பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்த விண்ணப்பமும் ஒரு மனிதர் படிக்காமல் இடைவெளியின் பெயரால் தள்ளப்படக் கூடாது. படிவத்தில் தேதிகளுக்குப் பதிலாக ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். தற்போதைய ஊதியம் கேட்கும் கட்டத்தை நீக்குங்கள். நீக்க முடியாதென்றால் பூஜ்யத்தையாவது ஏற்கச் செய்யுங்கள். சம்பளச் சீட்டுக்குப் பதில் கடைசியாகப் பணியாற்றிய இடத்தின் சான்றையும், மேற்பார்வையாளருக்குப் பதில் எங்கள் உழைப்பை நேரில் அறிந்த வேறொருவரின் பெயரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேர்காணல் நடத்துவோருக்கு எழுத்து மூலம் அறிவுறுத்துங்கள்: இடைவெளியைப் பற்றி ஒரு கேள்வி போதும், ‘பராமரிப்புப் பொறுப்பு’ என்ற பதில் அதற்குப் போதுமான பதில், குடும்பத்தில் இனி யாருக்கு நோய் வரும் என்று யாரிடமும் கேட்கக் கூடாது. திரும்பி வருவோருக்கு முழு ஊதியத்துடன் எட்டு வாரம் பழகும் காலம் கொடுங்கள். அதன் முடிவில் இருக்கும் பணியிடம் எது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். பழைய அனுபவத்துக்கு உரிய படிநிலையில் சேருங்கள், கீழ்ப்படியில் அல்ல. வேலை நேர அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாக அறிவியுங்கள். பராமரிப்புக்காகப் பாதி நேரம் கேட்கும் ஊழியருக்கு, மறுப்பதானால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதற்குமேல் முறையிட ஒரு வழியும் வையுங்கள். எனக்கு அந்த இரண்டும் கிடைத்திருந்தால் இந்த மடலுக்கே தேவை இருந்திருக்காது.

அக்டோபர் 29ஐப் பராமரிப்புக்கும் ஆதரவுக்குமான சர்வதேச நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2023இல் அறிவித்தது. வரும் அக்டோபர் 29க்குள், இவற்றில் எதை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே வெளியிடுங்கள்.

கடைசியாக, நான் பதினொரு ஆண்டுகள் உழைத்த அந்த நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவருக்கு மட்டும் ஒரு கோரிக்கை. அந்தப் பணியிடம் இந்த வாரமும் காலியாகவே இருப்பதை உங்கள் தளத்தில் பார்த்தேன். என் விண்ணப்பம் உங்கள் சேமிப்பில் இருக்கிறது. அதைத் திறந்து, ஒரு மனிதரைப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆறரை ஆண்டுகள் தன் தாயைப் பார்த்துக்கொண்ட ஒரு கணக்குத் தணிக்கையாளர்